மணல் மூட்டையும் சுருள்வில்லும்

ஷாக் அப்சார்பருக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். சாலையில் ஒரு பள்ளம் வருகிறது, சக்கரம் இறங்கி ஏறுகிறது, ஒரு குத்து வருகிறது. அந்தக் குத்தை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அமுங்கி, வந்த சக்தியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஸ்பிரிங் ரொம்ப நாணயமான கடன்காரன். வாங்கியதில் ஏறக்குறைய முழுவதையும் அடுத்த நொடியே திருப்பிக் கொடுத்துவிடும். கார் மேலே எழும், மறுபடி அமுங்கும், மறுபடி எழும். இந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. ஒரு குழாய்க்குள் எண்ணெய், அதில் ஓட்டையும் வால்வும் உள்ள ஒரு பிஸ்டன். பிஸ்டன் எண்ணெயைப் பிதுக்கும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. பிரிட்டிஷ்காரர்கள் இதை டேம்பர் என்பார்கள், அது சரியான பெயர். நம்ம ஊர் மெக்கானிக் பானட்டின் ஒரு மூலையை அழுத்திவிட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று பார்த்து "ஷாக் போயிடுச்சு சார்" என்பாரே, அந்தச் சோதனையில் மொத்த இயற்பியலும் இருக்கிறது.

நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேர். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருக்கிறேன். போன வருடம் அலுவலக நண்பர் ஒருவர் தன் காரைத் தாழ்த்த வேண்டும் என்று கிளம்பினார். மதுரைக்காரர், கார் பைத்தியம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "பாஸ், நாலு ஸ்பிரிங் மட்டும் வாங்கி மாத்திடலாம்னு பாக்குறேன். ஷாக் நல்லாத்தானே இருக்கு, அத எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார். ஷாக்கின் விலையைப் பார்த்தபிறகு வந்த கேள்வி அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடப் போய்த்தான், நான் தினமும் காரில் கடந்துபோகும் தெருக்களின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

காரைத் தாழ்த்துவது என்பது சாலைப் பந்தயக்காரர்களின் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். புவியீர்ப்பு மையம் இறங்கினால் வளைவில் கார் குறைவாகச் சாயும், பிடிப்பு கூடும். அது உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் சாதாரணக் குடும்பக் காரை நிலத்தோடு நிலமாக இறக்கியவர்களில் முக்கியமானவர்கள் வேகமே வேண்டாம் என்றவர்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். அவர்களுடைய கார்களுக்கு லோரைடர் என்று பெயர் வந்தது. கொள்கை இரண்டு ஸ்பானிஷ் வார்த்தைகளில் அடங்கிவிடும்: பஹீத்தோ, சுவாவேசீத்தோ. தாழ்வாக, மென்மையாக.

1943 ஜூன் மாதம் இதே ஊரில் நடந்ததைச் சொல்லாமல் அவர்களைப் புரிந்துகொள்ள முடியாது. தொளதொள கால்சட்டையும் முழங்கால் வரை தொங்கும் கோட்டும் அணிந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன்களைக் கடற்படைச் சிப்பாய்கள் கும்பல் கும்பலாகத் தெருவில் துரத்தி அடித்து, உடையை உருவி எறிந்தார்கள். அந்த உடையின் பெயராலேயே அதை ஸூட் ஸூட் கலவரம் என்கிறார்கள். போர்க்காலத்தில் துணியை விரயம் செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். தேவைக்கு அதிகமாகத் துணி, தேவைக்கு அதிகமாக அலங்காரம். எங்களை நீங்கள் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்ற பிடிவாதம். போர் முடிந்து அதே சமூகத்துப் பையன்கள் ராணுவத்தில் கற்ற இயந்திர வேலையுடன் திரும்பி வந்தபோது, அந்தப் பிடிவாதம் பழைய கார்களில் ஏறிக்கொண்டது.

அதே காலத்தில், அதே கலிஃபோர்னியாவில், வெள்ளைக்காரப் பையன்களிடம் ஹாட் ராட் மோகம். 1932 முதல் வந்த ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பிரித்துக் கோத்து, வற்றிய ஏரிப் படுகைகளில் பறக்கவிடுவார்கள். லோரைடர்கள் எடுத்ததோ பெரும்பாலும் செவ்ரோலே, அதுவும் ஆறு சிலிண்டர் சாதுவான குடும்ப வண்டி. மலிவாகக் கிடைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. 1948 மாடல் வரைக்கும் ஃபோர்டின் முன்பக்கத்தில் குறுக்குவாட்டில் ஒரே ஒரு பட்டை வில், அதாவது லீஃப் ஸ்பிரிங், அதன் கீழ் ஒரு முழு அச்சு. செவ்ரோலேயிலோ 1939இலிருந்தே முன்பக்கம் இரண்டு சுருள்வில்கள். சுருள்வில்லை ரம்பத்தால் அறுக்கலாம். ரம்பம் இருந்தால் போதும், உதிரிபாகக் கடைக்கே போகவேண்டாம்.

அந்தச் சுருள்வில் எப்படி வந்தது என்பது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ரோல்ஸ் ராய்ஸில் வேலைபார்த்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏழு பேர் உட்காரும் ஒரு பெரிய காரை எடுத்து, அதன் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். இதமாக இருக்கிறதா என்று அளக்கக் கருவி எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்தவர்களின் முதுகும் வயிறும்தான் அளவுகோல். அவருக்குக் கிடைத்த விடை இதுதான்: முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்கவேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். கார் தலையாட்டாமல் சமமாக ஏறி இறங்கும். அவ்வளவு மென்மையான முன் ஸ்பிரிங்கைப் பழைய முழு அச்சில் வைக்க முடியாது, சக்கரங்கள் நடுங்கும். அதனால் இடது வலது சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்தது. அமெரிக்கக் கார் என்றாலே சோஃபா மாதிரி இருக்கும் என்ற பெயருக்கு இங்கே ஆரம்பம்.

ஷாக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்பவர் தயாரித்து விற்றது உராய்வு ஷாக். கத்தரிக்கோல்போல் இரண்டு கைகள், நடுவில் உராயும் வட்டுகள். மெதுவாக அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்புத்தான். பிறகு எண்ணெய் ஷாக் வந்தது. 1920களின் இறுதியில் ஃபோர்டின் மாடல் ஏ காரில் கம்பெனியிலிருந்தே ஹூடாய் எண்ணெய் ஷாக்குகள் பொருத்தப்பட்டு வந்தன. எண்ணெயின் குணம் வேறு. மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் கையை மெல்ல விடுவதற்கும் ஓங்கி அறைவதற்கும் உள்ள வித்தியாசம். இந்த ஒரு குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையில் பின்னால் தேவைப்படும்.

லோரைடர்களின் கராஜுக்குத் திரும்புவோம். கராஜ் என்பது மரியாதைக்குச் சொல்வது, பெரும்பாலும் வீட்டு வாசல்தான். அவர்கள் கையிலிருந்த முதல் தொழில்நுட்பம் மணல் மூட்டை. டிக்கியில் மணலோ சிமெண்டோ நிரப்பிய மூட்டைகளை அடுக்கினால் பின்பக்கம் இறங்கும். செலவு இல்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது இறக்கி வைத்துவிடலாம். அடுத்தது சுருள்வில்லை அறுப்பது. மூன்றாவது, வெல்டிங் டார்ச்சால் ஸ்பிரிங்கைச் சூடாக்குவது. பழுத்த இரும்பு காரின் எடை தாங்காமல் தானாகவே குறுகி உட்காரும். பின்பக்கம் பட்டை வில் உள்ள கார்களில் அச்சுக்கும் வில்லுக்கும் நடுவில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். நான்கிலும் பொதுவான விஷயம்: ஷாக்கை யாரும் தொடவில்லை. அந்தக் காலத்துச் செவ்ரோலேயில் நினைத்தாலும் சுலபமாக மாற்ற முடியாது. 1948 வரைக்குமான மாடல்களில் முன் ஷாக்கின் கைதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல்கையும்கூட.

அறுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு எதைப் பொறுத்தது என்று கல்லூரியில் படித்திருப்போம்: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், எத்தனை சுற்று. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். எட்டுச் சுற்று உள்ள ஒரு ஸ்பிரிங், சும்மா இருக்கும்போது 400 மி.மீ. நீளம், காரின் எடையில் 200 மி.மீ. அமுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றை, அதாவது 50 மி.மீ.யை, அறுத்து எறிந்தால் கார் 50 மி.மீ. இறங்குமா? இறங்காது. மிச்சமிருக்கும் ஏழு சுற்றும் முன்பைவிட 14% விறைப்பு. அதே எடைக்கு 175 மி.மீ.தான் அமுங்கும். 350இல் 175 போக மிச்சம் 175. ஸ்பிரிங் இறங்கியது 25 மி.மீ. மட்டும். ஆனால் இந்தக் கார்களில் ஸ்பிரிங் உட்காருவது சக்கரத்தின் மேல் அல்ல, கீழ்க்கையின் நடுவாக்கில். அங்கே 25 இறங்கினால் சக்கரத்திடம் ஏறக்குறைய 50. தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகிவிடுகிறது. "ஒரு சுற்று அறுத்தால் இரண்டு அங்குலம்" என்ற மாதிரி ஒரு வாய்க்கணக்கு மெக்கானிக்குகளிடம் இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டார்ச்சுக்கு இந்த மாதிரிக் கணக்கும் கிடையாது. இரும்பின் பதம் போய்விடும், இடதும் வலதும் ஒரே அளவில் உட்காராது, சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும். அது மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் ஒப்புதல் இல்லாத வேலை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வரலாம். ஸ்பிரிங் மாறியது, ஷாக் பழையது. என்ன ஆகும்?

ஒரு ஷாக் போதுமானதா இல்லையா என்பது ஷாக்கை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. ஸ்பிரிங்கின் விறைப்பையும் அது தாங்கும் எடையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணோடு ஒப்பிடவேண்டும். நண்பர் பார்த்து வைத்திருந்த ஸ்பிரிங் பழையதைவிட சுமார் 30% விறைப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 1.3இன் வர்க்கமூலம் 1.14. அதாவது, பழைய ஷாக்கின் அடக்கும் திறன் புதிய ஸ்பிரிங்குக்கு முன்னால் 12% குறைந்துபோகிறது. அவ்வளவுதான். பாதியாகிவிடும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். இதைச் சொன்னதும் நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் சும்மா ஒரு ஆர்வத்தில் மணல் மூட்டைக்கும் அதே கணக்கைப் போட்டேன். பின்சக்கரம் ஒவ்வொன்றும் 350 கிலோ தாங்குகிறது, டிக்கியில் 200 கிலோ மணல், சக்கரத்துக்கு 100 கிலோ கூடுகிறது. விறைப்பு மாறவில்லை, எடை 29% கூடிவிட்டது. வர்க்கமூலம் எடுத்தால் அதே 12%. ஷாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் நேரெதிர். விறைத்த ஸ்பிரிங் உள்ள கார் முன்பைவிடப் படபடவென்று ஆடும். மணல் ஏற்றிய கார் முன்பைவிட மெதுவாக, ஓடம்போல் ஆடும். தாழ்வாக, மென்மையாக என்ற கொள்கைக்கு மணல் மூட்டையைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. ஆலி பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பின்பக்கம் முன்பக்கத்தைவிட வேகமாக ஆடவேண்டும் என்று அவர் சொன்னால், இவர்கள் பின்பக்கத்தில் மூட்டை ஏற்றி அதை மந்தமாக்கினார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தக் கார் குதிரை மாதிரி தலையாட்டும்.

சரி, 12%தான் என்றால் சிக்கல் எங்கே? இடத்தில். சக்கரம் மேலே ஏற ஒரு குறிப்பிட்ட தூரம்தான் உண்டு, அதன் முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை இருக்கும். 80 மி.மீ. இடம் இருந்த காரை 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் பாதி. அதே குத்தைப் பாதித் தூரத்தில் வாங்கவேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும், கணக்கு அப்படி. புதிய ஸ்பிரிங் கொடுப்பதோ 1.3 மடங்கு. மிச்சத்தை ரப்பர் கட்டை வாங்குகிறது. ரப்பர் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்கும், ரொம்ப வேகமாகக் கொடுக்கும். அந்த உதையை அடக்கப் பழைய ஷாக்கின் வால்வுகள் போதாது. காரை எறிந்த மாதிரி இருக்கும். இதோடு இன்னொன்று. பல வருடம் ஓடிய ஷாக்கின் தண்டில் பழைய உயரம் ஒரு கோடாகப் பதிந்திருக்கும். கோட்டுக்கு ஒரு பக்கம் சீலுக்குள் போய்ப் போய் வந்து பளபளப்பான உலோகம், மறுபக்கம் தூசியும் துருப்பொட்டும். காரைத் தாழ்த்தியதும் அந்தப் பொட்டு விழுந்த பகுதி தினமும் சீலுக்குள் போய்வர ஆரம்பிக்கிறது. சில மாதங்களில் எண்ணெய் கசியலாம். ஷாக் நல்லாத்தான் இருக்கு என்று நண்பர் சொன்னது உண்மை. பழைய உயரத்தில் நன்றாக இருந்தது.

அப்படியானால் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இத்தனை கார்கள் எப்படி உருப்படியாக ஓடின? ஷாக்கைத் தொடாமல், மூட்டையும் ரம்பமுமாக?

மெதுவாக ஓட்டினார்கள். பதில் இவ்வளவுதான். விட்டியர் பூல்வார்டில் வார இறுதி மாலைகளில் மணிக்கு 10, 15 மைல் வேகத்தில் ஊர்வலம் போவார்கள். 60 மைல் வேகத்தில் ஒரு மேட்டில் ஏறும் சக்கரம், 15 மைலில் ஏறுவதைவிட நான்கு மடங்கு வேகமாக மேலே எறியப்படுகிறது. சக்கரத்தில் ஏறும் சக்தி 16 மடங்கு. திருப்பிச் சொன்னால், கால்வாசி வேகத்தில் போகிறவருக்குப் பதினாறில் ஒரு பங்கு குத்துத்தான். பாதியாகக் குறைந்த இடம் அதற்குத் தாராளம். மெதுவான அசைவுக்கு எண்ணெய் வழிவிடும் என்று முன்னால் சொன்னேனே, அதனால் பழைய ஷாக்கும் முரண்டு பிடிக்காது. லோரைடர் பண்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மெதுவை ஒரு தோரணையாக, ஒரு எதிர்ப்பாக எழுதுகிறார்கள். அது தோரணைதான், எதிர்ப்புந்தான். 1950களிலும் 60களிலும் நெடுஞ்சாலைத் துறை இவர்களுடைய பாயில் ஹைட்ஸ் பகுதி வீடுகளை இடித்து நகரத்தின் விரைவுச் சாலைகளையெல்லாம் அங்கே கொண்டுவந்து முடிச்சுப் போட்டது. தலைக்கு மேல் மற்றவர்கள் 60 மைலில் பறக்க, கீழே இவர்கள் 15 மைலில் போனார்கள். ஆனால் என் கண்ணுக்கு இந்த மெதுவில் பொறியியலும் தெரிகிறது. தாழ்வு என்ற வடிவமைப்பு முடிவுக்கு மெதுவாகப் போவது நிபந்தனை. ஷாக் வாங்கக் காசில்லாதவர்கள் வேகத்தை விட்டுக்கொடுத்து அந்த நிபந்தனையை நிறைவேற்றினார்கள்.

கலிஃபோர்னிய அரசுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. 1958 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம், வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு. மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பகுதியும் சக்கர விளிம்பின் அடிப்பகுதியைவிடக் கீழே இருக்கக்கூடாது. விளிம்பு என்றால் டயர் இல்லை, டயர் மாட்டியிருக்கும் இரும்பு வளையம். ஒரு பொறியாளராகப் படித்தால் இதில் நியாயம் இருக்கிறது. டயர் வெடித்துக் கார் வளையத்தின் மேல் உட்கார்ந்தால், அடிப்பாகம் தரையில் தேயக்கூடாது. ஆனால் இந்த அளவைச் சரிபார்க்கத் தெருவோரம் நிற்கும் போலீஸ்காரருக்கு ஒரு அளவுகோல் போதும். ஸ்பிரிங்கின் விறைப்பையோ ஷாக்கின் நிலைமையையோ அந்த அளவுகோல் காட்டாது. எண்ணெய் ஒழுகும் ஷாக்கோடு 70 மைலில் போகிறவர் தப்பித்துவிடுவார், 15 மைலில் போகும் தாழ்ந்த செவ்ரோலே மாட்டிக்கொள்ளும். யாரை நிறுத்த வேண்டும் என்று பார்வையிலேயே தெரியும்படி ஒரு சட்டம் இருந்தால் அது யார்மேல் பாயும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டம் வந்த அடுத்த வருடமே விடை வந்தது. சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே என்பவர் தன் கோர்வெட் தாழ்ந்திருப்பதற்காக அபராதம் கட்டிச் சலித்துப்போனவர். விமானங்களில் பயன்பட்ட பெஸ்கோ ஹைட்ராலிக் பம்புகளை வாங்கி, தன் தந்தையின் உதவியோடு காரில் மாட்டினார். எக்ஸ்-சோனிக் என்று அந்தக் காருக்குப் பெயர். ஸ்விட்சைத் தட்டினால் கார் ஏறும், தட்டினால் இறங்கும். போலீஸ் தூரத்தில் தெரிந்தால் சட்டப்படியான உயரம், போனதும் பழைய உயரம். அதற்கு முந்தைய வருடம்தான் செவ்ரோலே நிறுவனம் இம்பாலா என்ற பெயரை அறிமுகப்படுத்தி, நான்கு சக்கரத்துக்கும் சுருள்வில் கொடுத்து, எக்ஸ் வடிவச் சட்டகத்தில் கார் விட்டிருந்தது. ஹைட்ராலிக் சிலிண்டரை உட்கார வைக்க அளவெடுத்துத் தைத்த மாதிரியான அமைப்பு. லோரைடர் என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1958 முதல் 64 வரைக்குமான இம்பாலாதான். அந்த வரிசையில் ஜெஸ்ஸி வலடேஸின் 1964 இம்பாலா, ரோஜாப் பூக்கள் வரைந்த 'ஜிப்ஸி ரோஸ்', 2017இல் அமெரிக்காவின் வரலாற்று வாகனப் பதிவேட்டிலேயே இடம்பிடித்தது.

ஆனால் ஹைட்ராலிக் வந்ததும் ஒன்று தொலைந்தது என்று எனக்குத் தோன்றும். பம்பும் பேட்டரிகளும் டிக்கியை நிரப்பின, பல கார்களில் ஷாக்கையே கழற்றி எறிந்தார்கள். கார் குதித்தது, மூன்று சக்கரத்தில் நின்றது, போட்டிகள் வந்தன. பார்க்க அற்புதம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மணல் மூட்டையின் அந்த ஓடம் போன்ற நடை மட்டும் போய்விட்டது. தடைசெய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கலை வேறு பக்கம் வளர்ந்திருக்குமோ என்னவோ.

ஜெர்மனியில் இதே ஆசைக்கு வேறு விதமான அரசு பதில் சொன்னது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1976இல் வந்தபிறகு அதைத் தாழ்த்தும் மோகம் அங்கே பரவியது. 1982இல் ஆஸ்திரியாவின் வோர்தர்ஸே ஏரிக்கரையில் தொடங்கிய ஜிடிஐ சந்திப்பு பல வருடம் திருவிழாவாக நடந்தது. அங்கே காரில் எதை மாற்றினாலும் அதற்குக் காகிதம் வேண்டும். இந்த ஸ்பிரிங், இந்த மாடல் காரில், முன் அச்சில் இத்தனை கிலோ வரை என்று பரிசோதித்த சான்றிதழோடுதான் ஸ்பிரிங் விற்பனைக்கு வரும். மாட்டியபிறகு பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். காரை லிஃப்டில் தூக்கிச் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, கழன்று கிலுகிலுப்பை மாதிரி ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். பழைய ஷாக்கின் நீளம் பழைய ஸ்பிரிங்குக்கானது, குட்டையான ஸ்பிரிங் அதில் தொளதொளவென்று ஆகிவிடும். இதைத் தவிர்க்கத்தான் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் பலவற்றில் ஒரு முனையில் சுற்றுகளை நெருக்கமாக விட்டிருப்பார்கள். காரின் எடையில் அந்தச் சுற்றுகள் மூடிக்கொள்ளும், சக்கரம் தொங்கும்போது விரிந்து இடத்தை நிரப்பும். என் நண்பர் இணையத்தில் பார்த்த நாலு ஸ்பிரிங்கும் இந்த வம்சம்தான். கம்பெனி ஷாக்கோடு பயன்படுத்தலாம் என்று அட்டைப்பெட்டியில் தைரியமாக எழுத முடிவது, மிதமாக 30, 40 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்வதால்தான். ஜெர்மன் முறை எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். ஆனால் அது ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பார்த்தது. கலிஃபோர்னியச் சட்டம் உயரத்தை மட்டும் பார்த்தது.

பிறகு கலிஃபோர்னியா மெதுவையும் தடைசெய்தது. 1970களின் இறுதியில் விட்டியர் பூல்வார்டை வார இறுதிகளில் மூடினார்கள். தொடர்ந்த வருடங்களில் ஒவ்வொரு நகரமாக, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடந்துபோனால் குற்றம் என்று விதி போட்டது. ஆங்காங்கே பலகை வைத்தார்கள். வேகமாகப் போனால் அபராதம் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. போக இடமில்லாமல் மெதுவாகச் சுற்றுவதற்கு அபராதம் என்பது இந்த ஊரின் சிறப்பு. நெரிசல், சண்டை, சத்தம் என்று நகராட்சிகள் காரணம் சொன்னார்கள். தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்கு அதில் உண்மையான புகார்களும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் தாழ்ந்த காருக்குப் பாதுகாப்பான ஒரே வேகத்தை எடுத்துவிட்டால் அதை எப்படி ஓட்டுவது என்று அந்த விதிகளை எழுதியவர்கள் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இந்தக் காலத்திலெல்லாம் லோரைடர்களுக்குக் குரலாக இருந்தது ஒரு பத்திரிகை, பெயரே லோரைடர். 1977இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் மூன்று பேர் தொடங்கியது. நான் இந்த ஊரில் பல வருடம் இருந்தும் இது தெரியாது. சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றால் கராஜில் கம்ப்யூட்டர் செய்த கதைகளைத்தான் நமக்குச் சொல்வார்கள். அதே 1977இல்தான் ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது. சில மைல் தூரத்தில் இன்னொரு கூட்டம் இன்னொரு வகைக் கராஜ்களில் வேறு பொறியியல் செய்துகொண்டிருந்தது. அச்சுப் பத்திரிகை 2019 இறுதியில் நிறுத்தப்பட்டது.

தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தது சமீபத்தில்தான். 2022இல் சாக்ரமெண்டோவும் சான் ஹோசேயும் சுற்றுவதற்கு இருந்த தடையை நீக்கின. 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 436 என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் நகரங்களின் தடை அதிகாரத்தையே எடுத்துவிட்டது. சக்கர விளிம்புக்குக் கீழே கார் இறங்கக்கூடாது என்ற பழைய விதியும் அதோடு போயிற்று. சரியாக 66 வருடம்.

நண்பர் கடைசியில் ஸ்பிரிங் வாங்கினார், ஷாக்கை மாற்றவில்லை. 30 மி.மீ. மட்டும் இறக்கும் வகை. பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் குட்டையானதாக மாற்றச் சொன்னேன், அதற்குச் சம்மதித்தார். தினமும் 280ஆம் நெடுஞ்சாலையில் 70 மைலில் அலுவலகம் வருகிறார். "கொஞ்சம் தூக்கிப் போடுது பாஸ், ஆனா பாக்க எப்டி இருக்கு பாருங்க" என்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சான் ஹோசேயின் கிழக்குப் பகுதியில் ஸ்டோரி ரோடும் கிங் ரோடும் சந்திக்கும் இடம் லோரைடர்களின் பழைய ஊர்வலப் பாதை. போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு பச்சை நிற 1940களின் செவ்ரோலேக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பெரியவர் ஒருவர் ஓட்டினார், பக்கத்தில் ஒரு சின்னப் பெண். ஹைட்ராலிக் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை, பின்பக்கம் சும்மா தாழ்ந்து கிடந்தது. கடை வளாகத்தின் வாசலில் ஒரு வேகத்தடை. அவர் காரை முழுசாக நிறுத்தினார். ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்குவாட்டில், ஒரு சக்கரம், அப்புறம் இன்னொரு சக்கரம் என்று ஏற்றி இறக்கினார். எனக்குப் பின்னால் இருந்தவர் ஒருமுறை ஹார்ன் அடித்தார். நான்காவது சக்கரம் இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து, இரண்டாவது தடவை பாதியாக எழுந்து, அடங்கியது.